எல்மோ கோட்டைக்கு மசுதா கோசோ விருது கொடுத்தது சரியா?

வெள்ளித்தளபதி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டு இருக்கற விஷயம், இங்க போட்டுடறேன். ஷோகின்னா ஜப்பான் சதுரங்கம். ஜப்பான் ஷோகி சங்கம் வருஷா வருஷம் ஏப்ரல் வாக்குல ஷோகி தைஷோ விருதுகளை அறிவிப்பாங்கல்ல, 1974ல இருந்து நடக்குது. சிறந்த வீரர், புதுமுகம், அதிக வெற்றி, தொடர் வெற்றின்னு நிறைய பிரிவு இருந்தாலும் எனக்குப் பிடிச்சது மசுதா கோசோ விருதுதான். புது ஆட்டமுறைக்கும் புது நகர்வுக்கும்னே 1995ல ஆரம்பிச்சது. 2020ல அதைத் தூக்கி எல்மோ கோட்டைக்குன்னு (ராஜாவைச் சுத்திக் காய்களைக் காவலுக்கு வெக்கற ஒரு அமைப்பு) எல்மோங்கற ஒரு சாஃப்ட்வேருக்குக் கொடுத்துட்டாங்க. என்னால இன்னிக்கு வரைக்கும் ஏத்துக்க முடியல.

மசுதா யாருன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஹிரோஷிமா பக்கம் கிராமத்துல பொறந்தவர், சின்ன வயசுல வீட்ட விட்டுக் கிளம்பும்போது அம்மாவோட அளவுகோல் பின்னாடி, மெய்ஜினுக்கு லான்ஸ்ங்கற ஒரு காயை விட்டுக்கொடுத்து ஜெயிக்கப் போறேன்னு எழுதி வெச்சிட்டுப் போனவர். மெய்ஜின்னா ஷோகியோட பழைய பெரிய பட்டம். 1956ல ஓஷோ பட்டத் தொடர்ல, அப்ப மெய்ஜினா இருந்த ஓயாமாவை லான்ஸ் இல்லாமலே ஆடி நிஜமாவே ஜெயிச்சார். வாழ்நாள் பூரா புது நகர்வு தேடணும்னே வாழ்ந்த மனுஷன். அவர் பேர்ல இருக்கற விருதை, தோத்தா என்ன ஆகும்னு ஒரு கவலையும் இல்லாத ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்?

கோணல்மந்திரி:
பாஸ், மசுதாவை எனக்கும் பிடிக்கும், அதனாலதான் எதிர்க்கறேன். இந்த விருது ஆரம்பத்துல இருந்தே ஆளோட அந்தஸ்தைப் பாத்துக் கொடுத்ததே இல்ல. ததேயிஷின்னு ஒரு அமெச்சூர் கண்டுபிடிச்ச ததேயிஷி முறைக்குக் கொடுத்திருக்காங்க. 2008ல இமைசுமி கென்ஜிக்கு, ரெண்டாவது ஆள் முதல் நகர்வுலயே யானைய 3-2 கட்டத்துக்குக் கொண்டு போற அந்த தைரியமான ஆட்டத்துக்குக் கொடுத்தாங்க, அப்ப அவர் புரோவே இல்ல, புரோ ஆகறதுக்கான பயிற்சி அமைப்பான ஷோரெய்காய்ல மூணாம் டான், புரோவுக்கு ஒரு படி கீழ. பின்னாடி 41 வயசுலதான் புரோ ஆனார். 2011ல ஹோஷினோ யோஷிதகாவுக்கு, வெள்ளிங்கற காயை 3-7க்குக் கொண்டு போற அந்த அதிவேக ஆட்டத்துக்கு, அவரும் அப்ப மூணாம் டான்தான். ஆட்டம் எங்க பொறந்துச்சோ அங்க கொண்டு போய்க் கொடுக்கறதுதான் இந்த விருதோட பெருமையே. எல்மோ கோட்டை எங்க பொறந்துச்சு? எல்மோ ஆடின ஆட்டங்கள்ல இருந்துதான் எல்லாரும் எடுத்தாங்க. அப்ப அதோட பேரைச் சொல்றதுதானே முறை?

வெள்ளித்தளபதி:
இமைசுமியும் ஹோஷினோவும் மனுஷங்க ப்ரோ. தோத்தா லீக்ல கீழ போவாங்க, வயசு வரம்பு தாண்டினா வெளிய போகணும். அந்த பயத்தோட புதுசா ஒண்ணை ஆடறதைத்தான் நான் சொல்றேன்.

ஃபுஜி தகேஷியைப் பாருங்க (இளம் நட்சத்திரம் ஃபுஜி சோட்டா இல்ல, ரெண்டு பேருக்கும் உறவே கிடையாது). 1995 டிசம்பர் 22, இனோவே கெய்தாவுக்கு எதிரா தரவரிசை லீக் ஆட்டம். அந்தக் காலத்துல யானைய இடப்பக்கம் நகர்த்தி ஆடறவங்களுக்கு அனாகுமா கோட்டை பெரிய தலைவலி, எதிராளி ராஜாவை மூலைல கொண்டு போய் ஒளிச்சு வெச்சிட்டு நிதானமா அடிப்பான். ஃபுஜி என்ன பண்ணார்னா, தன்னோட ராஜாவுக்குக் கோட்டையே கட்டாம ஆரம்பக் கட்டத்துலயே விட்டுட்டு, எதிராளி மூலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மொத்தமா பாஞ்சார். 47 நகர்வுல முடிஞ்சது. ராஜாவைத் திறந்து போட்டு ஆடறதுன்னா அந்தக் காலத்துல பெரிய துணிச்சல், வழக்கமான பாடத்துக்கே நேர் எதிர். ஃபுஜி சிஸ்டம்னு பேர் வாங்கின அதை வெச்சே 1998ல தனிகாவாவை 4-0ன்னு அடிச்சு ரியூஓ பட்டம் வாங்கினார். இந்த மாதிரி ஆளுக்குக் கொடுத்த விருது அது. எல்மோ எந்த லீக்ல இருந்து கீழ இறங்கும்?

புதுஆட்டக்காரன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணா, நான் ஷோகி ஆட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. எல்மோ கோட்டைன்னா எப்படி இருக்கும்? இந்த விருதெல்லாம் யார் முடிவு பண்றாங்க?

மூணாம்டான்:
வாங்க தம்பி. முதல் ஆளா ஆடறீங்கன்னு வெச்சுக்கோங்க. ராஜா 7-8ல, பக்கத்துல 6-8ல வெள்ளி, ராஜாவுக்குக் கீழ 7-9ல தங்கம். அவ்ளோதான். அனாகுமா கட்டற நேரத்துல பாதிலயே கட்டி முடிச்சுடலாம், மிச்ச நகர்வுகள்ல உடனே அடிக்கப் போயிடலாம். யானைய நகர்த்தி ஆடற எதிராளிக்கு எதிரா வேகமா அடிக்கணும்னா இது ரொம்ப வசதி, அதனாலதான் புரோக்கள் கிட்டயும் பரவுச்சு.

எல்மோங்கறது தகிசாவா மகோட்டோ எழுதின சாஃப்ட்வேர். 2017 மே மாசம் உலகக் கம்ப்யூட்டர் ஷோகி போட்டில, அப்ப எல்லாரும் பயந்த பொனான்சாவையே தாண்டி ஜெயிச்சுது. அதே வசந்த காலத்துலதான் மெய்ஜின் சாட்டோ அமஹிகோ பொனான்சாகிட்ட ரெண்டு ஆட்டமும் தோத்தார்.

விருதை முடிவு பண்றது ஷோகி செய்தி எழுதற பத்திரிகைக்காரங்க இருக்கற தேர்வுக் குழு. ஏப்ரல்ல இருந்து அடுத்த மார்ச் வரைக்கும் ஒரு வருஷக் கணக்கு. அதிக ஆட்டம், அதிக வெற்றி, வெற்றி சதவீதம், தொடர் வெற்றி இந்த நாலும் கணக்குப் பாத்து தானா வர்றது, மிச்சத்தைத்தான் குழு பேசி முடிவு பண்ணும்.

கோணல்மந்திரி:
@வெள்ளித்தளபதி ரிஸ்க்தான் அளவுகோல்னா ததேயிஷிக்கு என்ன ரிஸ்க் இருந்துச்சு சொல்லுங்க. அமெச்சூர், லீக் கிடையாது, சம்பளம் கிடையாது, தோத்தா வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கலாம். அவருக்குக் கொடுத்தது தப்பா? இல்லன்னு சொல்லுவீங்க, ஏன்னா அவரோட ஐடியா நல்ல ஐடியா. அப்ப அளவுகோல் ஐடியாதான், பயம் இல்ல.

இன்னொண்ணு, நீங்க தொடாம விட்டது. 2017ல சிதா ஷோட்டாவுக்குக் கொடுத்தாங்கல்ல, மந்திரிகளை ஆரம்பத்துலயே மாத்திக்கற காகுகாவாரி ஆட்டத்துல ராஜா 4-2, தங்கம் 6-2, யானை 8-1ன்னு வெக்கற அமைப்புக்கும், யாகுரா கோட்டைக்கு எதிரான வேகத் தாக்குதலுக்கும் சேத்து. சிதா சாஃப்ட்வேரை வெச்சு ஆராய்ச்சி பண்றவர்னு ஊருக்கே தெரியும், அவரும் மறைச்சது இல்ல. பொனான்சா மாதிரி மெஷின்கள் ஆடிட்டு இருந்த அமைப்புதான் அது. அப்ப மெஷினோட ஐடியாவுக்கு ஏற்கனவே 2017லயே விருது போயிருச்சு, மனுஷப் பேர்ல போச்சு, அவ்ளோதான். 2020ல அதை நேரடியா சொன்னாங்க.

வெள்ளித்தளபதி:
சிதா விஷயத்துல செஞ்சதுதான் சரியான வழின்னு நான் சொல்றேன்! சாஃப்ட்வேர் ஆயிரக்கணக்குல ஆட்டம் ஆடித் தள்ளும், அதுல எது மனுஷங்களுக்கு உதவும்னு பொறுக்கி எடுத்து, எதிராளி என்ன பண்ணா என்ன பண்றதுன்னு யோசிச்சு, அசல் ஆட்டத்துல உக்காந்து ஆடிக் காட்டினது சிதா. எல்மோ கோட்டைக்கும் அப்படி முதல்ல கொண்டு வந்த ஒரு புரோவைத் தேடிப் பிடிச்சுக் கொடுத்திருக்கணும்.

அப்புறம் தகிசாவா மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஆனா அவர் கோட்டையை டிசைன் பண்ணல. அவரோட சாதனை, மெஷினுக்குக் கத்துக்கொடுக்கும்போது தேடல்ல வர்ற மதிப்போட ஆட்டத்தோட வெற்றி தோல்வியையும் கலந்து கொடுத்தது, அதை மத்த டெவலப்பர்களும் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு ஒரு விருது கொடுங்க, நானே கைதட்டறேன். 7-9ல தங்கம் இருக்கணும்னு அவர் எங்கயும் எழுதி வெக்கல, அது மெஷின் கத்துக்கிட்ட எண்கள்ல (எடைகள்) இருந்து தானா வந்து விழுந்தது. யாருமே நினைக்காத ஒண்ணுக்கு யாருக்குக் கொடுப்பீங்க?

இன்னும் சொல்றேன். 2017 டிசம்பர்லயே ஆல்ஃபாசீரோங்கற இன்னொரு புரோகிராம் எல்மோவை 100 ஆட்டத்துல 90 ஜெயிச்சு 8 தோத்து 2 டிராவோட தூக்கிப் போட்டுருச்சு. விருது கொடுக்கறப்ப எல்மோவை விட பலமான மெஷின்கள் வந்தாச்சு. ஃபுஜி தகேஷியை யாரும் அப்படி அப்டேட் பண்ணி ஓரங்கட்ட முடியாது.

கோணல்மந்திரி:
பலமான மெஷின் வந்துருச்சுங்கறது இதுக்கு சம்பந்தமே இல்லாத பாயிண்ட். ஃபுஜி சிஸ்டத்துக்கும் பின்னாடி பதில் கண்டுபிடிச்சாங்க, அதனால விருதைத் திருப்பி வாங்கினாங்களா? கோட்டை இன்னும் ஆடப்படுதா இல்லையா, அதைப் பாருங்க. யாருமே நினைக்காததுன்னா இன்னும் அதிசயம்தானே, நூத்துக்கணக்கான வருஷமா மனுஷங்க ஆடற ஆட்டத்துல அவ்ளோ எளிமையான ஒரு கோட்டையோட மதிப்பை ஒரு மெஷின் எடுத்துக் காட்டியிருக்கு.

நடுராத்திரி_பைசோமி:
ரெண்டு பேரும் எல்மோவையே பிடிச்சுட்டு இருக்கீங்க, தடம் மாறினது அதுக்கு முந்தின வருஷமே. 2019ல ஃபுஜி சோட்டாவுக்கு எதுக்குக் கொடுத்தாங்க? ஒரே ஒரு நகர்வுக்கு! 2018 ஜூன் 5, இஷிதா நவோஹிரோவுக்கு எதிரா ரியூஓ தொடர்ல 7-7ல யானையால அடிச்சு ப்ரோமோட் பண்ணி அந்த யானையையே தியாகம் பண்ணார்ல, அந்த நகர்வு. 15 வயசுப் பையன், அற்புதமான நகர்வு, நானும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திருக்கேன். ஆனா அது ஒரு ஆட்டத்துல ஒரு நிலைமைல மட்டும் வர்றது, நீங்களும் நானும் நாளைக்கு அதை ஆட முடியாது. ஆட்டமுறைங்கறது நாலு பேர் எடுத்து ஆடறது. கோண்டோ மசகசு கண்டுபிடிச்ச கோகிகென் நடு யானை எத்தனை பேருக்குச் சோறு போட்டுச்சு, சூசா மகோட்டோ 1997ல ஆடின 8-5 யானை எத்தனை பட்டப் போட்டில வந்துச்சு. அதோட இதை எப்படி ஒரே தட்டுல வெப்பீங்க? சோட்டாவோட அந்த ஆட்டத்துக்கு சிறந்த ஆட்டம் விருதுன்னு தனியா ஒரு பிரிவு இருக்கே, அங்க பேச வேண்டியதை இங்க கொண்டு வந்துட்டாங்க. பத்திரிகைக்காரங்க முடிவு பண்ணா இப்படித்தான், அந்த வருஷம் எது பரபரப்போ அதுக்குப் போகும்.

மூணாம்டான்:
பத்திரிகைக்காரங்களைப் பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க, நான் இதை ஒத்துக்கவே மாட்டேன். பரபரப்புக்குப் பின்னாடி போறவங்களா இருந்தா 2018ல சிறந்த வீரர் விருதை யாருக்குக் கொடுத்திருக்கணும்? அந்த சீசன்ல சோட்டா 73 ஆட்டம், 61 வெற்றி, தொடர்ந்து 29 வெற்றி, நாலு கணக்கு விருதும் அவருக்கே. டிவில எப்பப் பாத்தாலும் அவர் மத்தியானம் என்ன சாப்பிட்டார்னு ஓடிட்டு இருந்த வருஷம். குழு யாருக்குக் கொடுத்துச்சு? மூத்த ஜாம்பவான் ஹாபுவுக்கு. ரியூஓவைத் திரும்ப எடுத்து ஏழு பட்டத்துலயும் நிரந்தரத் தகுதி வாங்கின வருஷம் அது, அதோட எடை என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அதே 2018 மசுதா விருதையும் பாருங்க. அவோனோ தெருயிச்சி, சசாகி யூகி ரெண்டு பேருக்கும் சேத்து, யோகோஃபுதோரிங்கற தொடக்க ஆட்டத்துல அவோனோ முறை, யூகி முறைக்கு. அவோனோவுக்கு அப்ப 65 வயசு, அவர் எப்பவோ ஆரம்பிச்சு வெச்சது, பல வருஷம் கழிச்சு இளசுங்க எடுத்து ஆடி பெருசாச்சு. யூகிக்கு வயசு 23, சோட்டாவோட 29 வெற்றியை நிறுத்தினதும் இவர்தான். பழசைத் தோண்டி மூலத்தைக் கண்டுபிடிச்சு அந்தப் பெரியவரையும் சேத்துக் கூப்பிட்ட குழுவை அவசரக்காரங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்?

கோணல்மந்திரி:
நன்றி சார், நான் சொல்ல வந்ததுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது. வேர் எங்கன்னு தேடிப் போய் அவோனோவைக் கூப்பிட்டவங்க, எல்மோ கோட்டைக்கு வேரைத் தேடிப் போனா அங்க மெஷின்தான் இருக்கு. அதை மறைச்சு இன்னொரு புரோ பேரைப் போட்டா அந்த புரோவுக்கே சங்கடம்.

வெள்ளித்தளபதி:
வேரைத் தேடறதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா அவோனோகிட்ட போய் ஏன் இப்படி ஆடினீங்கன்னு கேக்கலாம், அவர் உக்காந்து விளக்குவார், தப்பா போன ஆட்டங்களைக் கூட எடுத்துக் காட்டுவார். எல்மோகிட்ட கேட்டா ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வெச்சு, ஏன் இந்தத் தங்கம் அங்க நிக்குதுன்னு மனுஷங்கதான் திரும்ப உக்காந்து யோசிச்சு விளக்கினாங்க, அந்த உழைப்புக்கு ஒரு பேரும் இல்லாமப் போச்சு. என் வருத்தம் அங்கதான்.

2021ல ஓஹாஷி தகஹிரோவுக்குக் கொடுத்தப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு சொல்ல முடியாது. அவரோட யோரியூ நாலாம் வரிசை யானை. யானைய நகர்த்தி ஆடற ஆட்டத்துக்கு மெஷின்கள் ஆரம்பத்துலயே மதிப்பைக் குறைச்சுக் காட்டும், அதனால எத்தனையோ பேர் அதையே விட்டாங்க. மெஷின் முகம் சுளிக்கற ஆட்டத்துலயே புதுசா ஒண்ணைக் கட்டி ஜெயிச்சுக் காட்டினார் மனுஷன். மசுதா விருதுன்னா அது.

கோணல்மந்திரி:
ஓஹாஷிக்குக் கிடைச்சதுல எனக்கும் அதே சந்தோஷம்தான். ஆனா கவனிங்க, எல்மோவுக்குக் கொடுத்த அடுத்த வருஷமே அது நடந்துச்சு. மெஷினுக்கு ஒரு தடவை கொடுத்ததால மனுஷங்களுக்குக் கதவு மூடல. உள்ளதை உள்ளபடி ஒரு வருஷம் ஒத்துக்கிட்டாங்க, அவ்ளோதான்.

நடுராத்திரி_பைசோமி:
தனியா சாஃப்ட்வேர் விருதுன்னு ஒண்ணு வெச்சுட்டா பிரச்சினை தீரும்ல?

கோணல்மந்திரி:
தீராது. இன்னிக்கு எந்த புரோ மெஷின் இல்லாம தயார் பண்றாங்க? எந்த நகர்வை எந்தப் பெட்டில போடுவீங்க?

வெள்ளித்தளபதி:
நானும் அதேதான் கேக்கறேன். நாளைக்கு ஒரு வீரர் ராத்திரி கம்ப்யூட்டர்ல பாத்த நகர்வை மறுநாள் பட்டப் போட்டில முதல் தடவையா ஆடி ஜெயிக்கறார்னு வைங்க. சிதா மாதிரி அவருக்கா, எல்மோ மாதிரி மெஷினுக்கா? 2017ல ஒரு பதில், 2020ல வேற பதில். குழு எந்தப் பதிலை வேணாலும் எடுத்துக்கட்டும், ஆனா ஒரு விதியா எழுதி வெளில போடட்டும். அது வர்ற வரைக்கும் நான் இதைக் கேட்டுட்டேதான் இருப்பேன்.