பாதி வரி தெரியும், மீதி எங்கே? கரும்பலகையில் எழுதுகிறவனின் கேள்வி

தறிக்காரன் (சென்னிமலைப் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கமுங்க. கைத்தறியில் போர்வை நெய்கிறேன். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. பதினோரு வருடமாகத் தினமும் விடியற்காலையில், தறிக்குழியில் இறங்குவதற்கு முன், அதில் பெரியவர்கள் சொன்ன ஒரு வாசகம் எழுதிவிட்டு வருவேன். முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படிப்பார்கள். சிலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள்.

போன வாரம் 'கற்றது கைம்மண் அளவு, கல்லாதது உலகளவு' என்று எழுதி, கீழே திருவள்ளுவர் என்று போட்டுவிட்டேன். என் அப்பாவோடு ஒரே கூடத்தில் நெய்த பெரியவர் ஒருவர், எண்பது தாண்டியவர், நின்று பார்த்தார். "ஏங்கண்ணு, குறளுன்னா ஏழு சீர் இருக்கோணுமல்லோ? எண்ணிப் பாரு" என்றார். எண்ணினேன். ஐந்துதான் இருந்தது. தினமும் பாவு இழை எண்ணுகிற எனக்கு இது தோன்றாமல் போனதே என்று மனது கேட்கவில்லை. உடனே பெயரை அழித்துவிட்டேன்.

அவர் அதோடு விடவில்லை. "இதுக்கு மீதியும் இருக்குது. எங்க ஐயன் சொல்லுவாரு. கடைசீல எறும்பு வரும். அதுக்கு மேல நெனப்பில்ல" என்றார். அந்த எறும்பு நாலு நாளாக என்னை விடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதுபோல நாம் பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் வாசகங்கள் வேறு உண்டா?

கோபி தமிழாசிரியை:

பெரியவர் சொன்னது சரிங்க அண்ணா. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் அது. முழு வெண்பா இதோ:

கற்றதுகைம் மண்ணளவு கல்லா துலகளவென்
றுற்ற கலைமடந்தை ஓதுகிறாள் - மெத்த
வெறும்பந் தயம்கூற வேண்டாம் புலவீர்
எறும்பும்தன் கையாலெண் சாண்.

கலைமகளே இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள், அதனால் புலவர்களே, வெற்றுப் பந்தயம் கட்டாதீர்கள் என்கிறார். மனித உடம்பு அவரவர் கையால் எட்டுச் சாண் என்பது நம் கணக்கு. எறும்பும் அதன் கையால் அளந்தால் எட்டுச் சாண்தான்! இத்தனை கூர்மையான கடைசி அடியை விட்டுவிட்டு, முதல் அடியை மட்டும் அறிவுரையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது பிள்ளைகள் தங்கள் கையால் தங்களையே சாண் போட்டு அளப்பார்கள். அந்தப் பாட்டை அவர்கள் மறப்பதில்லை.

இன்னொன்று. ஔவையார் ஒருவர் அல்ல. சங்கப் பாடல் பாடியவர் வேறு, ஆத்திசூடி எழுதியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். பலகையில் எழுதும்போது எந்தப் பாட்டு என்றும் குறிப்பிட்டுவிடுங்கள்.

தகடூரான்:

டீச்சர் சங்க ஔவையைச் சொன்னதால் எங்கள் ஊர்க் கதையையும் சொல்கிறேன். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமானுக்காக ஔவை தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போனார். அவன் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டினான். ஔவை பாடியது புறநானூறு 95. உன் வேல்களுக்கு மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலான மாளிகையில் வைத்திருக்கிறாய். எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கேட்கும்போது புகழ்ச்சி மாதிரியே இருக்கும். போர் பார்க்காத படை உன்னுடையது என்பதுதான் உள்ளே இருப்பது.

அதே பாட்டில் அதியமானைப் பற்றி வருவது எனக்கு இன்னும் பிடிக்கும்: 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்.' இருந்தால் சோறு கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதை எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து உண்பான்.

பவானிக்காரன்:

எனக்கு ஒரு சந்தேகம். பஸ்ஸுக்கு நிற்கிற ஆளுக்கு முழுப் பாட்டும் பாட்டு எண்ணும் எதற்கு? நல்ல கருத்தாக இருந்தால் போதாதா? 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே.

கோபி தமிழாசிரியை:

தம்பி, அதன் மீதி 'அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு.' சொன்னவர் யாராக இருந்தாலும் உண்மையைத் தேடிப் பார் என்கிறார், பெயரை மாற்றிப் போடலாம் என்று சொல்லவில்லை. 423ஆம் குறள். 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்பது 355. இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் நிறைய.

அண்ணா கேட்ட மாதிரி வாசகங்கள் வேறும் உண்டு. விவேகானந்தரின் 'எழுமின், விழிமின்' கட உபநிடதத்தில் இருந்து வந்தது. மூலத்தில் அடுத்து வருவது பெரியோரை அடைந்து அறிந்துகொள்ளுங்கள் என்பது. இலக்கை அடையும் வரை நில்லாதே என்பது விவேகானந்தர் அதற்குக் கொடுத்த வடிவம். 'நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு' என்ற வாசகமும் காந்தி எழுத்தில் அப்படியே இல்லை. நாம் மாறினால் நம்மைப் பற்றிய உலகத்தின் போக்கும் மாறும் என்ற பொருளில் 1913இல் எழுதியிருக்கிறார். சங்கப் பாட்டு பார்க்க வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உரையோடு இருக்கிறது.

தறிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி டீச்சர் சொன்ன தளத்துக்குப் போய் முதலில் 'யாதும் ஊரே' பாட்டைத் தேடினேன். புறநானூறு 192, பதின்மூன்று அடி. இத்தனை வருடத்தில் குறைந்தது இருபது தடவை முதல் அடியைப் பலகையில் எழுதியிருப்பேன். கடைசி இரண்டு அடி இப்போதுதான் பார்க்கிறேன்: 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. எங்கள் கூடத்தில் கூலி வாங்கும் நாளில் இதை உரக்கப் படிக்க வேண்டும் போல் இருந்தது. பவானித் தம்பி, குறுக்கே ஊடை நூல் போடாத வெறும் பாவு நூலை யாரும் போர்வை என்று போர்த்திக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் மீதியைத் தேடினேன்.

காலையில் பெரியவர் வீட்டுக்குப் போய் எறும்புப் பாட்டைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "சொன்னேனல்லோ, எறும்பு வருமுன்னு" என்றார். அப்புறம் அவராகவே கடைசி அடியை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

பலகை நாலடிக்கு மூன்றடி. வெண்பா நாலு வரியும் அடங்கும். நாளைக்கு அது, நாளன்றைக்கு 'உண்டாயின் பதம் கொடுத்து'. தகடூரான் அண்ணா, 'பதம்' என்றால் சோறு என்று கீழே சின்னதாக எழுதிவிட்டால் சரிதானுங்களா?