புதுப்பிப்பு: நாட்டுத் தக்காளியா, ஹைப்ரிட்டா?

வீட்டுத் தோட்டத்துக்கு நாட்டுத் தக்காளி விதை நல்லதா, இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் ஹைப்ரிட் விதை நல்லதா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. "ரெண்டையும் பக்கத்துலயே வைங்க, விதை மட்டும் நாட்டுச் செடியில எடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

ஹைப்ரிட் முந்திக் காய்த்தது. பழமெல்லாம் ஒரே அளவு. நாட்டுச் செடி தாமதம்தான், ஆனால் சுவைக்கு என் ஓட்டு அதற்கே. அதன் விதையை வழவழப்போடு 3 நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். தாய்ச்செடியை உரித்து வைத்த மாதிரி வந்திருக்கிறது.

எதிர்பாராதது: ஹைப்ரிட் பழத்தின் விதையில் முளைத்த 6 செடிகளும் ஆளுக்கொரு விதம். ஒன்றில் கோலிக்குண்டு அளவுதான் பழம். இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும் என்று சொன்னவர் சொன்னது அப்படியே நடந்தது.

பூசணிக்கு இப்படிப் பக்கத்திலேயே வைத்து விதை எடுத்தால் போதாது. தேனீ வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கலந்துவிடும்; மொட்டிலேயே பூவைக் கட்டி, கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்.