ஸ்கேனில் குழந்தைக்குக் குடல் அடைப்பு என்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி:
என் தங்கைக்கு இது எட்டாம் மாதம். நேற்று எடுத்த ஸ்கேனில் குழந்தையின் வயிற்றில் அடுத்தடுத்து இரண்டு குமிழி தெரிகிறது, ‘டபுள் பபிள்’ என்கிறார்கள், பனிக்குட நீரும் அதிகமாம், பிறந்ததும் ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரி என்றுதானே சொன்னார்கள்? சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் இப்படியோ என்று அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். பச்சைக் குழந்தை ஆபரேஷனைத் தாங்குமா?

பதில் 1:
மாத்திரையால் வந்ததில்லை என்று தங்கையிடம் முதலில் சொல்லுங்கள். கரு உருவாகும் ஆரம்ப வாரங்களிலேயே குடலின் அந்த இடம் சரியாகத் திறக்காமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். எங்கள் மகளுக்கும் இதேதான், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆபரேஷனைவிட அதற்கு அப்புறம் காத்திருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. மூக்கு வழியாகப் போட்ட குழாயில் பச்சையாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அது வெளிறி அளவும் குறைந்த பிறகுதான் சில மில்லி பால் கொடுத்துப் பார்ப்பார்கள், அதுவரை சத்தெல்லாம் ரத்தக்குழாய் வழியாகத்தான். பிறந்த நாளிலிருந்தே தாய்ப்பாலைப் பீச்சிச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும்போது பால் வற்றியிருக்கும்.

பதில் 2:
பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு குமிழி இரைப்பை, இன்னொன்று அதை அடுத்த முன்சிறுகுடல் அடைபட்டு வீங்கியிருப்பது. வயிற்றிலிருக்கும் குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டேதான் இருக்கும், கீழே போக வழியில்லாததால் நீர் கூடிவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் இது பல நேரம் தெரியாது, யாரும் கவனிக்காமல் விட்டதாக நினைக்க வேண்டாம். 5,000 முதல் 10,000 பிரசவங்களில் ஒன்றில் வருவது. அடைப்புக்கு மேலும் கீழும் உள்ள குடலை இணைத்துத் தைப்பார்கள், வசதியுள்ள இடத்தில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைத்துவிடுகின்றன. ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: இந்த அடைப்புள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சி மெதுவாகும் பிறவி நிலை) இருக்கும், இதயக் கோளாறும் இருக்கலாம், அதனால் இதய எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. நாங்கள் பார்க்கும் மருத்துவமனையில் குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர் இல்லை, பிறந்ததும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். போதுமா?

பதில் 2:
முடிந்தால் பிரசவமே அந்த வசதி உள்ள இடத்தில் நடக்கட்டும், அம்மாவின் வயிற்றில் வைத்துக் கொண்டுபோவதைவிடப் பத்திரமான பயணம் குழந்தைக்குக் கிடையாது. நீர் அதிகமானால் வலி முன்கூட்டியே வரலாம், அதனால் இந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிறந்ததும் வாயில் எதுவும், ஒரு சொட்டுப் பால்கூட, வைக்கக் கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஸ்கேனில் எதுவும் தெரியாமலே பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், ஒரு தடவைதான் என்றாலும், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்திலேயே ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும். முதல் 24 மணி நேரத்தில் கரும்பச்சை மலம் போகாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.