5 சென்ட் பொதுத் தோட்டத்தில் சமையல்கூடத்துக்குக் கீரை

கேள்வி (பாலக்கோடு): ஊரடங்கில் சந்தை மூடியாச்சு. ஊர்ச் சமையல்கூடத்துக்குத் தினமும் கீரை வேணும். பொது நிலம் 5 சென்ட் இருக்கு. எப்படி விதைக்கலாம்?

பதில் 1: சிறுகீரை போடுங்க, 25 நாளில் பறிக்கலாம். மொத்தமா விதைச்சா ஒரே வாரத்தில் முற்றி வீணாகும். வாரம் ஒரு சென்ட் போதும். சென்ட்டுக்கு 10 கிராம் விதை, பத்து பங்கு மணலில் கலந்து தூவி, மண்ணை மெல்லிசா கிளறி விடுங்க. ஆழமா போனா முளைக்காது.

பதில் 2: எறும்பை மறந்துட்டீங்களே! விதையை இழுத்துட்டுப் போயிடும். பாத்தியைச் சுத்தி நொய் தூவுங்க, அதைத் தூக்கப் போயிடும். முளைக்கிறவரை பூவாளித் தண்ணிதான். மடை திறந்தா விதையெல்லாம் ஒரு மூலையில் சேர்ந்துடும்.

பதில் 3: விடியலில் பறிச்சு ஈரச்சாக்கில் சுத்தி அனுப்புங்க. பிளாஸ்டிக் பையில் அடைச்சா மதியத்துக்குள்ள புழுங்கி அழுகும். வரப்பில் முருங்கைப் போத்தும் (நடுறதுக்கு வெட்டின கிளை) நடுங்க அண்ணா.