பழைய அலுவலகக் கணினியை வாங்கலாமா: வாங்கியவர்கள் கண்டது

மதுரை, கல்லூரி மாணவியின் தாய்

என் மகள் இந்த ஆண்டு பி.காம். சேர்ந்திருக்கிறாள். டேலி, எக்செல், இணைய வகுப்பு ஆகியவற்றுக்காக வீட்டில் ஒரு டெஸ்க்டாப் தேவைப்படுகிறது. புதிதாக வாங்குவதற்கு வசதி இல்லை; கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம். எங்கள் பகுதிக் கடை ஒன்றில் இரண்டு பழைய கணினிகளைக் காட்டினார்கள். ஒன்று, பளபளப்பான புதுக் கேபினெட்டில் "கோர் ஐ7, 16 ஜிபி ரேம்", விலை 11,500 ரூபாய். மற்றொன்று, மேல்புறம் கீறல் விழுந்த டெல் ஆப்டிபிளெக்ஸ், "ஐ5, 8 ஜிபி", விலை 15,000 ரூபாய். பார்வைக்கு முதலாவதே நன்றாக இருக்கிறது. கடைக்காரரும் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ரீஃபர்பிஷ்டு கணினி, அதாவது சரிபார்த்து மறுபடி விற்கப்படும் பழைய கணினி வாங்கியவர்கள், நல்லதோ கெட்டதோ, தங்களுக்கு நடந்ததை எழுதினால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

தஞ்சாவூர், நூல் வடிவமைப்புத் தொழில் செய்பவர்

அம்மா, தாங்கள் முதலில் குறிப்பிட்ட கணினியைப் போன்ற ஒன்றை 2023-இல் வாங்கி ஏமாந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். "ஐ7" என்ற சொல்லை மட்டும் கேட்டுப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு "திஸ் பிசி" மீது வலது சொடுக்குச் செய்து பண்புகளைப் பார்த்தபோது, கணினியின் மூளையான பிராசசரின் பெயர் ஐ7-2600 என்று இருந்தது. கோட்டுக்குப் பின் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை; அதாவது அது இரண்டாம் தலைமுறை, 2011-இல் வெளிவந்தது. பத்தாம் தலைமுறையிலிருந்து எண் ஐந்து இலக்கமாகிவிடுவதால் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த ஐ3-8100 கூட அந்த ஐ7-ஐ விட வேகமானது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

மதர்போர்டு புதிது என்று கடையில் சொன்னதும் பொய் இல்லை. 2011-இல் வந்த எச்61 என்ற சிப்செட்டை (போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு) கொண்ட போர்டுகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் போர்டு புதிதாக இருப்பதால் அதன் தொழில்நுட்பம் புதிதாகிவிடாது. ரேம் டிடிஆர்3 என்ற பழைய வகையாகவே இருக்கும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் அந்தச் சிப்செட்டின் சாட்டா இணைப்பு அதன் வேகத்தில் பாதியைத்தான் தரும். முந்நூறு பக்கத் தமிழ் நூல் ஒன்றைப் படங்களோடு திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிரவுசரில் நான்கு தாவல்களைத் திறந்தால், தமிழ்99 விசைப்பலகை முறையில் நான் தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சகத்துக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு இப்படிக் காத்திருப்பது எவ்வளவு வேதனை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

2025 நவம்பரில் இரண்டாவது முறை வாங்கியபோது கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கே நேரில் சென்றேன். அதற்கு முந்தைய மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை, இன்டெல் என்றால், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறார்கள். எனவே டெல்லில் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, எச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோவில் திங்க்சென்டர் எம்720 ஆகிய வரிசைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவற்றுக்கு முந்தைய 7050-உம் எலைட்டெஸ்க் ஜி3-உம் ஏழாம் தலைமுறையோடு நின்றுவிடுவதால் விலை குறைவாக இருந்தும் தொடவில்லை.

நான் எடுத்தது ஒரு 7060. கடைக்காரர் தாழ்ப்பாளை இழுத்துப் பக்கக் கதவைத் திறந்து காட்டினார். ஸ்குரூ டிரைவர் தேவைப்படவில்லை. விசிறியின் இதழ்களுக்கு இடையே சாம்பல் நிறத் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. வெளியே, ஏதோ ஓர் அலுவலகத்தின் சொத்து எண் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் மிஞ்சியிருந்தது. பின்புறம் இருந்த சர்வீஸ் டேக் என்ற டெல்லின் அடையாள எண்ணைக் கைபேசியில் டெல் தளத்தில் இட்டதும், அந்தக் கணினி முதலில் 2019-இல் அனுப்பப்பட்டது என்பதும், ஐ5-8500 பிராசசரோடுதான் வெளியே வந்தது என்பதும் தெரிந்தன. உள்ளே இருந்ததும் அதே பிராசசர் என்பதால், இடையில் அது வேறு வகைக்கு மாற்றப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

அடுத்து, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு சென்று ஓட்டினேன். ஹார்டு டிஸ்க் 31,400 மணி நேரம் ஓடியிருந்தது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்றால், மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இரவு பகலாக நிற்காமல் ஓடியதற்குச் சமம். அந்த டிஸ்க்கை வேண்டாம் என்று விலையில் கழித்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் வாரண்டியோடு புதிய எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். பழைய கணினியில் எதைப் பழையதாக ஏற்றுக்கொண்டாலும், நம் கோப்புகள் இருக்கும் இடத்தை மட்டும் பழையதாக வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றுவரை அந்தக் கணினியில்தான் வேலை செய்கிறேன். தட்டிய எழுத்து உடனே வந்து நிற்கிறது.

கோயம்புத்தூர், கணினிப் பழுது நீக்குபவர்

மேலே எழுதிய ஐயா சொன்ன அனைத்தும் சரியானவை. பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

"விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்பதைத் தகுதிக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். தகுதிச் சோதனையைத் தாண்டிப் பல பழைய கணினிகளிலும் அதை நிறுவ வழி உண்டு. அப்படி நிறுவியவற்றுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, டிபிஎம்.எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் தட்டினால் டிபிஎம் பதிப்பு தெரிந்துவிடும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் பாருங்கள். அலுவலகத்திலிருந்து வரும் பிராண்டட் கணினிகளுக்கு, உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டின் உள்ளேயே பதிந்திருப்பதால், முறையான விண்டோஸ் தானாகவே ஆக்டிவேட் ஆகும். கடையில் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டிருந்தால், அதனோடு வேறு என்ன உள்ளே வந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிற கணினியில் அதை ஏற்காதீர்கள்.

என்னிடம் பழுதுக்கு வரும் ரீஃபர்பிஷ்டு கணினிகளில் அதிகம் பார்ப்பது இரண்டு குறைகள். ஒன்று, சூட்டைக் கடத்துவதற்காகப் பிராசசர் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாக உதிர்வது. இது சிறிய வேலைதான். வாங்கும்போதே கடையில் புதிதாகப் பூசித் தரச் சொல்லலாம். மற்றொன்று எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. பிராண்டட் கணினிகளில், குறிப்பாகச் சிறிய வடிவங்களில், அதன் அளவும் இணைப்புகளும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. போன மாதம் ஒரு தையல் கடைக்காரர், மின்சாரம் போய் வந்தபோது எஸ்எம்பிஎஸ் எரிந்துபோன கணினியைக் கொண்டு வந்தார். அதே மாடலுக்கான பழைய எஸ்எம்பிஎஸ் தேடிக் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை அவருடைய கணக்கு அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. இடம் இருந்தால் டவர் எனப்படும் பெரிய வடிவத்தை எடுங்கள். எந்த வடிவமானாலும் ஒரு 600 விஏ யுபிஎஸ் வாங்குவதற்குப் பணம் ஒதுக்கிவிட்டு, மீதிப் பணத்தில் கணினியைப் பாருங்கள்.

இந்த வகைக் கணினிகளில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும், வைஃபையும் இருக்காது. இவை குறைகள் அல்ல, ஆனால் செலவுகள்.

திருச்சி, தனியார் நிறுவன ஊழியர்

நேரில் பார்க்காமல் இணையத்தில் வாங்கிய என் அனுபவம் வேறு. கணினி நல்ல நிலையில்தான் வந்தது. ஒரு வாரம் குறையின்றி ஓடியது. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவுவதற்காக, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைய முயன்றபோது கடவுச்சொல் கேட்டது. முன்பு வைத்திருந்த அலுவலகம் போட்ட பூட்டு அது. விற்றவரிடம் கடவுச்சொல் இல்லை; திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்தார். பில் இருந்ததாலும், அதில் மாடலும் வரிசை எண்ணும் இருந்ததாலும் விற்பனைத் தளத்தில் புகார் செய்ய முடிந்தது. பணம் திரும்பி வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. பணம் கொடுப்பதற்கு முன் டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 விசையை அழுத்திப் பயாஸ் திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், சகோதரி. அரை நிமிட வேலை.

மதுரை, கல்லூரி மாணவியின் தாய்

அனைவருக்கும் நன்றி. நேற்று மகளையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்குச் சென்றேன். புதுக் கேபினெட்டில் இருந்த "ஐ7" மூன்றாம் தலைமுறை: 3770. தலைமுறை என்ன என்று நான் கேட்டபோது கடைக்காரர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டேலிக்கு இது போதும்மா" என்றார். டேலி மட்டும் ஓடுவதற்குப் போதுமானதாகவே இருக்கலாம். ஆனால் மூன்று ஆண்டுப் படிப்புக்கு வாங்கும் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் வராமல் போவதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கீறல் விழுந்த ஆப்டிபிளெக்ஸ் 5060 வகையைச் சேர்ந்தது, டவர் வடிவம், உள்ளே ஐ5-8500. டிபிஎம் 2.0 என்று காட்டியது. பயாஸ் பூட்டு இல்லை. ஆனால் பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் பாதுகாப்பானது அல்ல என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. மகள்தான் மூலையில் இருந்த தேதியைக் கவனித்தாள்: 2018 என்று இருந்தது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்ததால், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடுகிறதாம். கடைக்காரர் நாங்கள் பார்க்கும்போதே புதியதை மாட்டினார். தெர்மல் பேஸ்டும் பூசித் தந்தார். முக்கால் மணி நேரம் ஒரு வகுப்புக் காணொளியை ஓட விட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். விசிறிச் சத்தம் கூடவில்லை.

ஹார்டு டிஸ்க்கைக் கழித்துக்கொண்டு 13,800 ரூபாய்க்குத் தந்தார். சர்வீஸ் டேக் எண்ணையும் மூன்று மாத வாரண்டியையும் பில்லில் எழுதச் சொன்னேன். மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் இன்று வாங்கிவிட்டோம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மட்டும் இங்கே கிடைக்கவில்லை. நாளை டவுன்ஹால் ரோடு பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.