ஆல்டர்னேட்டர் மாற்றிய பழைய டிராக்டர்: ராத்திரியோடு பேட்டரி இறங்கிவிடுகிறது

கரிசல்காட்டான்:
எங்களுடையது அப்பா வாங்கிய 35 எச்பி டிராக்டர். பேட்டரிக்கு டைனமோ சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்ததைப் போன மாதம் டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டு ஆல்டர்னேட்டருக்கு மாற்றினேன். கார் ஆல்டர்னேட்டர், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற வகை. ஓடும்போது குறையே இல்லை. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, பேட்டரியில் மீட்டர் வைத்தால் 14.2 வோல்ட் காட்டுகிறது. ஒரு ராத்திரி நின்றால் போதும், காலையில் செல்ஃப் திணறுகிறது. இரண்டு நாள் நின்றால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரி 80 ஏ.எச். (ஆம்பியர்-மணி), வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. புரட்டாசி மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும். தினமும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வாய்க்கால்மேடு:
முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள் அண்ணா. எங்கள் வண்டியில் பெயிண்டுக்கு மேலேயே போல்ட் போட்டு முறுக்கி வைத்திருந்தார்கள். சுரண்டிவிட்டு முறுக்கியதும் செல்ஃப் சரியானது.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
எர்த் கோளாறு என்றால் வண்டி சூடாக நிற்கும்போதும் செல்ஃப் திணறும். இது நிற்க நிற்க மோசமாகிறது. அப்படியென்றால் கரண்ட் எங்கேயோ கசிகிறது. காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் ஆல்டர்னேட்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள் தம்பி, வெதுவெதுப்பு இருக்கிறதா? அப்புறம் ஒரு ஸ்பேனரை அதன் பின்பக்க பேரிங் அருகே கொண்டு போங்கள், இழுக்கிறதா? பிறகு பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், ஃபியூஸ் போய்விடும். டேஷில் சார்ஜ் விளக்கு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
தொட்டேன் அண்ணா, இளஞ்சூடு! ஸ்பேனர் ஒட்டிக்கொள்கிறது. சாவி ஆஃபில்தான் இருந்தது, மீட்டர் 3.1 ஆம்பியர் காட்டியது. டேஷில் விளக்கே இல்லை. ஆல்டர்னேட்டரின் சின்ன முனையிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் நேராக பெரிய முனைக்கே போகிறது.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
அந்த ஒயர்தான். பெரிய முனை பேட்டரிக்குப் போவது. சின்ன முனை, உள்ளே சுற்றுகிற ரோட்டரில் இருக்கும் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிற இடம். நேராக பேட்டரியோடு கோத்துவிட்டதால் எஞ்சின் நின்ற பிறகும் காயில் காந்தமாகவே இருக்கிறது. 12 மணி நேரத்தில் 37 ஏ.எச். போய்விடும், பேட்டரியில் பாதி காலி. ஓடும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பதால் மாற்றியவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஒயரை எடுத்துவிடுங்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் முனையிலிருந்து 12 வோல்ட் 3 வாட் பல்பு வழியாக அந்தச் சின்ன முனைக்கு ஒரு ஒயர் இழுங்கள். எல்இடி வேண்டாம். காயிலைக் கிளப்ப அதில் ஓடும் கரண்ட் போதாது. சாவி போட்டதும் பல்பு எரிய வேண்டும், எஞ்சின் வேகமெடுத்ததும் அணைய வேண்டும். டீசல் வண்டியை ஸ்டாப் கம்பியை இழுத்து நிறுத்திவிட்டுச் சாவியை மறந்துவிடுவோம். இந்த விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும்.

டைனமோவோடு இருந்த பழைய ரெகுலேட்டர் பெட்டி இன்னும் ஒயரோடு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், இனி அதற்கு வேலை இல்லை.

கரிசல்காட்டான்:
நேற்று சாயந்தரம் பல்பு போட்டேன். பெட்டியையும் கழற்றியாகிவிட்டது. காலையில் பேட்டரி 12.6, ஆல்டர்னேட்டர் சில்லென்று இருந்தது. ஒரே அடியில் கிளம்பியது அண்ணா. ரொம்ப நன்றி. கிழக்குக் காட்டில் பாதி உழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.