தொடர்மாடிக் கிணற்றுத் தண்ணிக்கு ரெசின் சொஃப்ட்னர்: குசினிக்கும் குடுக்கலாமா?

மூண்டாம் மாடி, வெள்ளவத்தை:
எங்கட தொடர்மாடியில 24 வீடு. குளிக்க, உடுப்புத் தோய்க்கக் குழாய்க்கிணறு. குடிக்க, சமைக்க நீர் வழங்கல் சபைத் தண்ணி தனிப் பைப்பில குசினிக்கு வருது. கிணற்றுத் தண்ணியின்ர வன்மை, அதாவது கரைஞ்ச கல்சியம், மகனீசியம், கல்சியம் காபனேற்றுக் கணக்கில லீற்றருக்கு 250 மில்லிகிராம் எண்டு ஆய்வுகூட அறிக்கை சொல்லுது. ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளை பிடிச்சு அடைபட்டுப் போச்சு. எங்கட வீட்டில மட்டும் நாலு வருசத்தில ரெண்டு கீசர் மாத்தியாச்சு. மொட்டைமாடியில வன்மையை எடுக்கிற ரெசின் சொஃப்ட்னர் ஒண்டு பூட்டி, அந்தத் தண்ணியையே குசினிக்கும் குடுத்தால் சபைத் தண்ணி பில் குறையும் எண்டது நிர்வாகக் குழுவின்ர யோசனை. எனக்குச் சம்மதம். ரெசின் தண்ணியைச் சுத்தமாக்குதுதானே, பிறகு என்னத்துக்கு ரெண்டு பைப்? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எதிர்க்கிறவை காரணத்தோட சொல்லுங்கோ.

ரசாயன ரீச்சர், கொட்டாஞ்சேனை:
நான் எதிர்க்கிறேன், குசினிக்குக் குடுப்பதை. ரெசின் செய்வது பண்டமாற்று. அது பொலிஸ்டைரீனால் ஆன சின்னச் சின்ன மணிகள், ரவை அளவு, தேன் நிறம். ஒவ்வொரு மணிக்குள்ளும் சல்போனிக் கூட்டங்கள் அசையாமல் பிணைந்திருக்கும். அவற்றுக்கு மறையேற்றம் இருப்பதால் நேரேற்றமுள்ள சோடியம் அயன்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்சியம், மகனீசியம் அயன்களுக்கு ஏற்றம் இரண்டு, ஆகவே மணி அவற்றைத்தான் கூடுதலாக இறுக்கிப் பிடிக்கும். ஒரு கல்சியம் உள்ளே போனால் இரண்டு சோடியம் தண்ணீருக்குள் வரும். உங்கள் 250 மில்லிகிராம் வன்மை முழுவதும் போனால் ஒவ்வொரு லீற்றரிலும் 115 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேரும். கிருமிகளை இந்த மணிகள் கொல்லாது. நைத்திரேற்றும் புளோரைட்டும் மறை அயன்கள் என்பதால் இந்த ரெசினைத் தாண்டி அப்படியே போய்விடும். இதில் சுத்தம் எங்கே?

மூண்டாம் மாடி, வெள்ளவத்தை:
ரீச்சர், 115 மில்லிகிராம் அவ்வளவு பெரிசோ? ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள்ள நிக்கச் சொல்லித்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூண்டு லீற்றர் குடிச்சாலும் 345 மில்லிகிராம்தான். மற்றது, ஆய்வுகூடங்களில தூய தண்ணி எடுக்கிறதும் ரெசினாலதானே?

ரசாயன ரீச்சர், கொட்டாஞ்சேனை:
ஆறில் ஒரு பங்குக்கு மேல், தம்பி. மிச்சம் சோற்றிலும் கருவாட்டிலும் வந்துவிடும். 24 வீட்டிலும் பிரஷர்காரர் எத்தனை பேர், பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறு வேறு, அதில் ஏற்கெனவே எவ்வளவு சோடியம் இருக்கிறது என்று அறிக்கையில் பார்த்தீர்களா? உவரை சொஃப்ட்னர் எடுக்காது.

ஆய்வுகூட ரெசின் வேறு விதம். அங்கே இரண்டு வகை. ஒன்று ஐதரசன் அயனைக் குடுத்து நேர் அயன்களை எடுக்கும். மற்றது ஐதரொட்சைட்டைக் குடுத்து மறை அயன்களை எடுக்கும். வெளியே வந்த இரண்டும் சேர்ந்து தண்ணீராகிவிடும், உப்பு மிஞ்சாது. ஆனால் அந்த ரெசின்களுக்கு உயிர்ப்புக் குடுக்க அமிலமும் காரமும் வேண்டும். மொட்டைமாடியில் யார் அதைக் கையாளப் போகிறார்கள்?

பம்பலப்பிட்டி அக்கா:
நாங்கள் போட்டு ஒரு வருசம். விக்கிறவர் வந்து கரைஞ்ச உப்பு அளக்கிற மீற்றரை விட்டுக் காட்டேக்க போடமுதல் 410, போட்ட பிறகும் 410 சொச்சம். காசு வீண். எந்த மெசினும் வேண்டாம். படிவுக்கு வினாகிரியை ஊற்றி ஊற வைச்சால் நுரைச்சுக் கொண்டு கழண்டுவிடும், நான் அப்பிடித்தான் செய்யிறன். ஊரில சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணியைத்தானே தலைமுறை தலைமுறையாய்க் குடிச்சு வளர்ந்தம்?

ரசாயன ரீச்சர், கொட்டாஞ்சேனை:
அக்கா, வன்மையைப் பற்றிச் சொன்னது சரி. அதற்கு உடல்நல எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஒன்றும் வைக்கவில்லை. மீற்றர் விசயத்தில் மட்டும் உங்களோடு நான் உடன்படவில்லை. அது தண்ணீர் மின்னைக் கடத்துவதை அளக்கிறது, கல்சியம் போய்ச் சோடியம் வந்ததை அதால் பிரித்தறிய முடியாது. மூடியுள்ள போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மெசின் வேலை செய்கிறது. தயிர் திரைந்த மாதிரி மிதந்தால் இல்லை.

தெகிவளை பம்ப்:
நான் இந்த வேலைதான் செய்யிறன். சொஃப்ட்னர் வேணும் எண்ட பக்கம் நான். வினாகிரி ஷவருக்குச் சரி அக்கா, கீசருக்குள்ள கம்பியில பிடிச்ச கல்லுக்கு ஒவ்வொரு முறையும் கழட்டோணும். ஆனால் குழு சொல்லுற மெசின்ர அளவைக் கேட்டீங்களோ? நடைமுறையில ஒரு லீற்றர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் வன்மையைப் பிடிக்கும். சின்ன மெசின், 25 லீற்றர் ரெசின் எண்டு வையுங்கோ. உங்கட தண்ணிக்கு 5,000 லீற்றரோட அது நிரம்பிவிடும். 24 வீடும் வீட்டுக்கு 500 லீற்றர் பாவிச்சால் நாளுக்கு 12,000. மணிக்குத் திரும்பச் சோடியம் ஏத்த, நாளுக்கு ரெண்டு முறைக்கு மேல உப்புத்தண்ணி விட்டுக் கழுவோணும், ஒரு முறைக்கு மூண்டு கிலோ உப்பு வரும். 100 லீற்றர் ரெசினை ரெண்டு தாங்கியாய் பிரிச்சுப் போடுங்கோ. ஒண்டு கழுவுப்பட மற்றது ஓடும். கக்கூஸ் பைப்பை மெசினோட சேர்க்காமல் விடுங்கோ.

இன்னொண்டு. கிணற்றுத் தண்ணியை வாளியில பிடிச்சு ஒரு இரவு வையுங்கோ. பிடிக்கேக்க தெளிவாய் இருந்து விடிய அடியில செம்மண் நிறம் படிஞ்சால் இரும்பு இருக்கு. போன மாசம் ஒரு மெசினைத் திறந்தன். மணியெல்லாம் துரு மூடி, நசிச்சால் விரலில கறுப்பாய் ஒட்டினது. எவ்வளவு உப்பு விட்டும் திரும்பேல்லை. கழிவு உப்புத்தண்ணியையும் கிணற்றடி மண்ணுக்குள்ள விட்டிருந்தினம். அது திரும்பி எங்க வரும் எண்டு யோசியுங்கோ.

மூண்டாம் மாடி, வெள்ளவத்தை:
சரி, குசினிப் பைப்பை இருந்தபடியே விடுறன். சபைத் தண்ணி களனி ஆத்தில இருந்து வாறது, அதில வன்மையும் குறைவு. பில் குறையும் எண்டு அதை விட்டால் பிழை எண்டு இப்ப விளங்குது. ஆனால் குளியலறைக்கு வேணும் எண்டதில நான் மாறேல்லை அக்கா. கீசர் ஒவ்வொரு வீட்டுக்கும் செலவு.

பம்பலப்பிட்டி அக்கா:
கழிவு எந்தக் குழாயில போகுது எண்டு எழுத்தில வாங்கிப் போட்டுச் சம்மதியுங்கோ.

மூண்டாம் மாடி, வெள்ளவத்தை:
வாங்கிறன். இப்ப ஒரு வாளி பிடிச்சு மொட்டைமாடியில மூடி வைச்சிருக்கிறன். விடிய நிறத்தைப் பார்த்து இங்க படம் போடுறன்.